அம்மிக்குழவிக்கும் பால் கொடுத்துப் பாரும்

அன்புள்ள தம்பிக்கு,

சாமியையும் நம்புவதில்லை, அரசாங்கம் சொல்லும் எதையும் நம்புவதில்லை என்கிறீர். முதலாவதுக்கு உம்மிடம் சோதனை இருக்கிறது. இரண்டாவது வீட்டில் பழகிய பழக்கம்.

1995 செப்டெம்பர் 21இல் பிள்ளையார் சிலைகள் பால் குடித்ததாக எங்கும் பேசப்பட்டதை வெள்ளவத்தை வீட்டுக்குசினியிலேயே செய்து பார்க்கலாம். சிலையை நனைத்து வையும். கரண்டியில் விளிம்பு முட்டப் பால் எடுத்து, பால்மட்டம் தும்பிக்கையில் தொட மெல்லச் சரியும். மேற்பரப்பு இழுவிசை பாலைக் கல்லோடு சேர்க்கும். மெல்லிய படலமாக அது கீழே இறங்கிவிடும். அரைக் கரண்டி என்றால் சாமி குடிக்காது, பால் கல்லைத் தொடாது. சிவப்புச் சாயம் கலந்தால் வழிந்த தடம் தெரியும். பலர் மறப்பது கடைசிப் படியை: அம்மிக்குழவிக்கும் கொடுத்துப் பாரும். அதுவும் குடிக்கும்.

(கொச்சிக்கடை அந்தோனியாருக்குச் செவ்வாய்க்கிழமை மெழுகுதிரி கொளுத்தும் சைவப் பெண்ணிடம் இந்தக் கரண்டியோடு போகாதீர். அவர் எதையும் நிரூபிக்க வரவில்லை.)

கொழும்பில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் 1963இல் ஒரு லட்சம் ரூபா பந்தயம் வைத்தார். ஏமாற்ற வழியில்லாத நிலைமையில் அற்புதம் செய்து காட்டவேண்டும். 1978இல் அவர் இறக்கும்வரை எவரும் வெல்லவில்லை. நிபந்தனையை முன்கூட்டியே பேசிக்கொண்டதில்தான் அவருடைய கெட்டித்தனம்.

அரசியலுக்கு வருவோம். உம்முடைய வீட்டுச் சந்தேகம் வெறும் வாய்ப்பேச்சல்ல. 2007 யூன் 7இல் கொழும்பு லொட்ஜ்களிலிருந்த தமிழரைப் பொலிஸ் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியது. மறுநாள் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. அது சாட்சியத்தில் பிறந்த சந்தேகம்.

ஆனால் 2018 பெப்ரவரியில், அம்பாறை முஸ்லிம் சாப்பாட்டுக்கடையில் மலட்டு மாத்திரை போடுகிறார்கள் என்று வீடியோ ஓடியது. அதில் இருந்த 'ஆதாரம்' என்ன? கூட்டம் சுற்றி நின்று சிங்களத்தில் வெருட்ட, அந்த மொழி சரியாக வராத கடைக்காரர் ஓம் என்றார். கடையையும் பள்ளிவாசலையும் உடைத்தார்கள். சாப்பாட்டில் கிடந்த கட்டியைப் பரிசோதித்து, மருந்தல்ல, மாக்கட்டி என்று சொன்னது அரச பகுப்பாய்வுத் திணைக்களம். அரசாங்கம் சொன்னால் பொய் என்ற உம்முடைய விதிப்படி நீர் எந்தப் பக்கம் நின்றிருப்பீர்?

அடுத்த வட்ஸ்அப் செய்தியைத் திறக்குமுன் ஒரு துண்டில் எழுதும்: என்ன தெரியவந்தால் இது பொய் என்று ஒத்துக்கொள்வேன்? பிறகு அதே செய்தியில் எங்கட ஆட்களின் பேரை எடுத்து மற்றவர் பேரைப் போட்டு வாசியும். அம்மிக்குழவி அதுதான்.

அன்புடன்,
அண்ணன்