குளச்சல் வீட்டு ஜன்னல் கம்பி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதத்தில் எச்பிஏ1சி, அதாவது இரண்டு மூன்று மாசத்துச் சராசரி சர்க்கரையைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனை, 8.4 என்று படித்ததிலிருந்து மனசு சரியில்லை மக்கா. ஆக்சிஜன் அரிப்பைத் தடுக்கும் என்று விற்கிற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை வாங்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்.

எங்கள் குளச்சல் வீட்டு ஜன்னல் கம்பி ஞாபகம் இருக்கிறதா? கடல்காற்று பட்டுப் பட்டு, பெயின்ட்டுக்கு அடியிலிருந்தே துரு பொங்கும். சர்க்கரை கூடினால் உடம்புக்குள் நடப்பதும் ஏறக்குறைய அதுதான். செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா சர்க்கரையை எரித்துத் தெம்பு தருகிறது. அளவுக்கு மீறி வந்து குவிந்தால் எலக்ட்ரான் சிந்தும். ஆக்சிஜன் அதைப் பிடித்துக்கொண்டு சூப்பராக்சைடு ஆகும். அதிலிருந்து பிறப்பவை, செல்லின் மரபுச் செய்தி எழுதியிருக்கிற டிஎன்ஏவையும் அரிக்கும். டிஎன்ஏவின் நாலு எழுத்துகளில் குவானின்தான் சீக்கிரம் அடிபடும். உடம்பும் சும்மா இருப்பதில்லை, கெட்டதை வெட்டி எடுத்துவிட்டு நல்லதை வைக்கிறது. வெட்டியது சிறுநீரில் போகும். சர்க்கரைக்காரர்களிடம் அது கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

விழித்திரை, சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றில் உள்ள சில செல்களால் வருகிற சர்க்கரையை வாசலில் நிறுத்த முடியாது. எனக்கு அடி விழுந்தது நரம்பில். போன ஆடியில் ரப்பர் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றினால், வாரெல்லாம் ரத்தம். பால் சிரட்டையைத் தாங்குகிற கம்பியின் துண்டு உள்ளங்காலில் ஏறி நிற்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. மகள்தான் பார்த்துக் கத்தினாள். புண் ஆற இரண்டரை மாசம்.

மாத்திரையை நானும் தின்று பார்த்தவன். மாசம் 1,800 ரூபாய், ஒரு வருஷம். அப்புறம்தான் படித்தேன்: சர்க்கரைக்காரர்கள் உட்பட 9,000 பேருக்கு மேல் சேர்த்து நாலரை வருஷம் வைட்டமின் ஈ என்ற ஆன்டிஆக்சிடன்ட்டைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2000-இல் வந்திருக்கிறது. மாரடைப்பு குறையவில்லை. உள்ளே சர்க்கரை குவிந்துகொண்டே இருக்கும்போது மேலே துடைத்து என்ன பயன்?

நான் வருந்துவது சர்க்கரை வந்த என் முதல் ஐந்து வருஷத்துக்காக. வலி இல்லை, சோர்வு இல்லை என்று மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும், சாயங்காலம் ஏத்தம்பழமுமாக இருந்துவிட்டேன். பிரிட்டனில், புதிதாகச் சர்க்கரை கண்டவர்களில் ஒரு தரப்பை ஆரம்பத்திலேயே இறுக்கமாகக் கட்டுக்குள் வைத்து, மறு தரப்புக்கு வழக்கமான சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். ஆய்வு முடிந்து ஒரு வருஷத்தில் இரு தரப்பின் சர்க்கரை அளவும் ஒன்றாகிவிட்டது. ஆனாலும் முதலில் கட்டுப்படுத்தியவர்களுக்குப் பத்து வருஷம் கழித்தும் நன்மை நின்றது. 2008-இல் இதை வெளியிட்டார்கள். உனக்கு அந்த முதல் வருஷங்கள் இப்போதுதான் தொடங்குகின்றன செல்வம்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தார்களா? இல்லையென்றால் இந்த மாசமே போ. சிறுநீரில் புரதமும் பார்க்கச் சொல். இரண்டு ரிப்போர்ட்டையும் எனக்கு அனுப்பு, காத்திருக்கிறேன்.

உன்,
தங்கராஜ்