முறைக்காதீர்கள், வாயால் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு முகபாவம் புரியாது, சந்தோஷ முகம், கோப முகம் என்று படம் போட்ட அட்டைகளைக் காட்டிப் பழக்கினால் சரியாகிவிடும் என்ற தொனியில் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கடலூர், புதுச்சேரிப் பக்கம் பெற்றோர் பலர் அந்த அட்டைகளை நம்பிப் பணத்தையும் நேரத்தையும் செலவழிப்பதால் இதை எழுதவேண்டியிருக்கிறது.

புரியவே புரியாது என்பது தவறு. மலர்ந்து சிரிக்கும் முகத்தை ஆட்டிசம் உள்ளவர்களில் பெரும்பாலோர் மற்றவர்களைப் போலவே கண்டுகொள்கிறார்கள். பயம், கோபம் போன்றவற்றில்தான் தடுமாற்றம் அதிகம்; அதுவும் முகபாவம் லேசாகத் தோன்றி நொடியில் மறையும்போது. அட்டை முகமோ அசையாது. நாடக மேடையில் நிற்பதுபோல ஒரே உணர்ச்சியைப் பெரிதாக்கிக் காட்டும். ‘வாய் மேலே வளைந்தால் சந்தோஷம், புருவம் நெரிந்தால் கோபம்’ என்று மனப்பாடம் செய்த பிள்ளை எல்லா அட்டைக்கும் சரியாகப் பதில் சொல்லிவிடும். எரிச்சலை அடக்கிக்கொண்டு உதட்டளவில் சிரிக்கும் பெரியம்மாவிடம் அதே பிள்ளை ஏமாந்துபோகும். மனம்விட்டுச் சிரித்தால் கண்ணோரம் சுருங்கும், ஒப்புக்குச் சிரித்தால் பல நேரம் சுருங்காது. கண்ணைத் தவிர்த்து வாயையே பார்ப்பவருக்கு அந்தத் தடயம் கிடைக்காது. அதனால், அட்டையில் எல்லாம் சரியாகச் சொன்னான், இவனுக்கு ஆட்டிசம் இருக்காது என்று முடிவு கட்டுவதும் ஆபத்து.

அதற்காகத் தாடையைப் பிடித்துத் திருப்பி ‘கண்ணைப் பார்த்துப் பேசு’ என்று வற்புறுத்தாதீர்கள். நேருக்கு நேர் கண்ணைப் பார்ப்பது அவர்களில் பலருக்குத் தாங்க முடியாத நெருக்கடி. அதைச் சமாளிக்கவே கவனம் முழுதும் போய்விட்டால் நீங்கள் சொன்னது காதில் ஏறாது.

பயிற்சி தரத்தான் வேண்டும் என்றால் கைபேசி போதும். வீட்டில் உள்ளவர்கள், பக்கத்து வீட்டார் என்று நான்கைந்து பேரின் முகத்தை, நிஜமாகவே சந்தோஷமாகவோ எரிச்சலாகவோ இருக்கும் நேரத்தில், அவர்கள் சம்மதத்தோடு சில வினாடிகள் வீடியோ எடுங்கள். முதலில் பாதி வேகத்தில் ஓடவிடுங்கள், பழகப் பழக இயல்பான வேகத்துக்கு வாருங்கள். முக அசைவையும் குரலையும் மெதுவாக்கிக் காட்டினால் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் முகபாவத்தை மேலும் நன்றாக அடையாளம் காண்கிறார்கள் என்று பிரான்சில் கரோல் தார்திஃபும் சக ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்டார்கள். ஒரே ஆளின் முகத்தை மட்டும் காட்டினால் பிள்ளை அந்த முகத்தை மனப்பாடம் செய்துவிடும். அந்த முகபாவம் வருவதற்கு முன் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: பால் பொங்கி வழிந்தது, பாட்டிக்கு எரிச்சல்.

கட்டுரை தொடாத இன்னொன்றும் உண்டு. ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தனக்குள் எழும் உணர்ச்சி எதுவென்று இனம்காண்பதே சிரமம். இதற்கு அலெக்ஸிதைமியா என்று பெயர். ஆட்டிசம் இல்லாதவர்களிடமும் இது உண்டு. முகபாவம் படிப்பதில் வரும் சிக்கலில் பெரும்பகுதி இதனால்தான் என்று உளவியல் ஆய்வாளர்கள் ஜெஃப் பேர்டும் ரிச்சர்ட் குக்கும் 2013இல் வாதிட்டார்கள். பின்னர் வந்த ஆய்வில், கோபத்தைப் படிப்பதில் உள்ள வித்தியாசம் மட்டும் அலெக்ஸிதைமியாவைக் கணக்கில் எடுத்த பிறகும் நீடித்தது. இப்படிப்பட்ட பிள்ளைக்கு அடுத்தவர் முகத்தைக் கற்றுக்கொடுக்கும் முன், நெஞ்சு படபடக்கிறதா, வயிறு இறுகுகிறதா என்று தன் உடம்பைக் கவனிக்கச் சொல்லித்தர வேண்டும்.

எனக்கு இதைவிடப் பெரிய ஆதங்கம், பழியை ஒரு பக்கமே போடுவது. அவர்களுடைய முகத்தை நம்மாலும் சரியாகப் படிக்க முடிவதில்லை. ஆட்டிசம் உள்ள சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012இலேயே இதை இருவழிச் சிக்கல் என்று எழுதினார். ஆட்டிசம் உள்ளவர்களின் முகத்திலிருந்து அவர்கள் நிலையை ஊகிக்க மற்றவர்கள் திணறுவது பிறகு சோதனையிலும் தெரிந்தது. 2020இல் ஆய்வாளர் கேத்தரின் கிராம்ப்டனின் குழு ஒருவர் மாற்றி ஒருவராகச் செய்தி சொல்லவைத்தபோது, ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையும் அது இல்லாதவர்கள் மட்டும் இருந்த வரிசையும் சமமாகவே செய்தியைக் கடத்தின. கலந்த வரிசையில்தான் செய்தி அதிகம் தேய்ந்தது.

நம் வீடுகளில் கண்டிப்பு பாதி கண்ணாலேயே நடக்கிறது. விருந்துக்குப் போன வீட்டில் பிள்ளை இரண்டாவது முறுக்குக்குக் கை நீட்டினால் அம்மா முறைப்பார். அந்த முறைப்பு ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு எட்டாமல் போகலாம். வீடு திரும்பியதும் விழும் திட்டு மட்டும் எட்டும். ‘ஒண்ணு போதும், இனிமே எடுக்காதே’ என்று அங்கேயே மெதுவாகச் சொல்லிவிடலாமே. டவுன் பஸ்ஸில் ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கண்டு முகம் சுளிக்கும் கண்டக்டரும், ஆஸ்பத்திரியில் புருவத்தை உயர்த்தியே ‘அடுத்தது’ என்று உணர்த்தும் ஊழியரும் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லிவிட்டுச் சில வினாடி பொறுக்கவும் வேண்டும்.

கடலூர், புதுச்சேரிக் கல்வித் துறை அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். திட்டும்போது சிரிக்கும் மாணவனைத் திமிர் பிடித்தவன் என்று எழுதி அனுப்பும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். பதற்றத்தில் சிரிப்பு வருவதும், பிடித்ததைச் செய்யும்போது முகம் அசையாமல் இருப்பதும் ஆட்டிசம் உள்ளவர்களிடம் சகஜம். குறிப்பேட்டில் கண்டதை மட்டும் எழுதட்டும்: ‘கேள்வி கேட்டேன், பதில் வரவில்லை, சிரித்தான், கை நடுங்கியது.’ அதைப் படிக்கும் பெற்றோரும் மருத்துவரும் மேற்கொண்டு யோசிக்க வழியிருக்கும்.

சிறப்புக் கல்வி ஆசிரியை,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.