நெருப்புக்கு முந்திய கதை

வாழைச்சேனை

அன்பு மகள்,

நீ அனுப்பின படங்கள் எல்லாம் பார்த்தோம். காட்டுக்குள்ளே கூரையில்லாமல் நிற்கிற அந்தச் செங்கல் சுவரை அம்மா பழைய தேவாலயம் என்று நினைத்துவிட்டா. அது அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்து நியூ மான்செஸ்டர் நெசவாலை என்று எழுதியிருந்தாய். பேப்பர் ஆலையிலே காலம் போக்கின மனிசன் நான், ஆலை என்றால் சும்மா விடுவேனா? தேடித் தேடி வாசித்தேன்.

1849-ல் ஓடத் தொடங்கியிருக்கிறது. ஐந்து மாடி. ஸ்வீட்வாட்டர் ஓடைத் தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து பெரிய சக்கரத்தைச் சுற்றவைத்தார்களாம். அந்தச் சுழற்சிதான் தண்டும் பட்டியுமாக மாடி மாடியாய் ஏறிப் பொறிகளை ஓட்டும். ஒரு பட்டி அறுந்தால் அந்த வரிசையே நின்றுவிடும். 1956-ல் தொடங்கின எங்கட ஆலையில் பருத்தி இல்லை, வைக்கோல்தான். ஆனாலும் இரைச்சல் சட்டென்று அடங்கினால் வயிறு கலங்கும், அது எந்த ஆலைக்காரனுக்கும் ஒன்றுதான்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் அந்த ஆலை தென்பகுதிப் படைக்குத் துணி நெய்தது. 1864 ஜூலையில் வடபகுதித் தளபதி ஷெர்மனின் படை வந்து கொளுத்திவிட்டது. வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் பெண்களும் பிள்ளைகளும். அவர்கள் மேல் துரோகக் குற்றம் சுமத்தி, மரியெட்டாவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ரயிலேற்றி வடக்கே கென்டக்கிக்கு அனுப்பினார்கள். பலர் திரும்பி வரவேயில்லை. அறுந்த நூலுக்கு முடிச்சுப் போடுகிற சின்னப்பிள்ளைக்கு என்ன கட்சி, என்ன துரோகம்? கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடுவது எப்படியென்று எங்கட சனத்துக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

இன்னொன்று மகள். அந்த ஆலையைக் கட்டியதில் அடிமைகளாக வைத்திருந்த கறுப்பின மக்களின் உழைப்பு இருக்கிறது. மருமகன் கைவைத்துக்கொண்டு நிற்கிற சுவரைத்தான் சொல்கிறேன். கதை சொல்கிறவர்கள் எல்லாரும் நெருப்பிலிருந்து தொடங்குகிறார்கள். செங்கல்லிலிருந்து தொடங்கினால்தான் கணக்குச் சரிவரும் என்று எனக்குப் படுகிறது. எரித்தவனைக் குறை சொல்வது சுலபம்.

சரி, அடுத்த முறை போனால் சுவரை விட்டுவிட்டு வாய்க்காலைப் படமெடுத்து அனுப்பு. தண்ணீர் எந்தப் பக்கத்தால் இறங்கினது என்று எனக்குப் பார்க்க வேண்டும். பேரனை அந்தச் சுவருக்குக் கிட்டே ஏறவிடாதே, பழைய சாந்து நம்பேலாது.

அன்புடன்
அப்பா