முன்பக்க எச்சரிக்கை முத்திரை குறித்துக் கடைகளில் ஆய்வு நடத்தக் கோரி மனு

பெறுநர்: உணவுப் பாதுகாப்பு ஆணையர் அவர்கள்

பொருள்: பாக்கெட் உணவுகளில் எச்சரிக்கை முத்திரை, கடைகளில் பொருள் அடுக்கும் முறை – கள ஆய்வு கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் பல வருடச் சர்க்கரை நோயாளி. எதை வாங்கினாலும் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிடுவேன். ஊட்டச்சத்துப் பட்டியல் ஒட்டு மடிப்புக்குள் பாதி போயிருக்கும். மீதியைக் கண்ணாடி போட்டும் படிக்க முடியாமல், கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். அப்போதும் கணக்கு உதைக்கும். அளவு "ஒரு பரிமாறலுக்கு" என்றிருக்கும். பாக்கெட்டில் எத்தனை பரிமாறல் என்று தேடவேண்டும். சர்க்கரையோ டெக்ஸ்ட்ரோஸ், மால்டோஸ், குளுக்கோஸ் சிரப் என்று பல பெயர்களில் சிதறிக் கிடக்கும். எனக்கே இந்தப் பாடு என்றால், அவசரத்தில் வாங்குகிறவர் என்ன செய்வார்?

சிலி நாட்டில் 2016 முதல், சர்க்கரை, உப்பு, கொழுப்பு போன்றவை வரம்பை மீறினால் "இது அதிகம்" என்று எச்சரிக்கும் கறுப்பு எண்கோண முத்திரை பாக்கெட்டின் முகப்பிலேயே இருக்கிறது. சர்க்கரை சேர்த்த திட உணவில் 100 கிராமுக்கு 22.5 கிராம் என்று தொடங்கிய வரம்பை 2019-ல் 10 கிராமாக இறுக்கினார்கள். முத்திரை விழுந்த பொருளைப் பள்ளியில் விற்கக் கூடாது, குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்யவும் கூடாது. முதல் கட்டத்திலேயே, முத்திரைக்கு உட்பட்ட இனிப்புப் பானங்களை வீடுகள் வாங்கும் அளவு ஏறக்குறைய கால்பங்கு குறைந்ததாக ஆய்வு சொல்கிறது. ஆனால் எல்லாம் ஒரே சமயத்தில் வந்ததால், குறைத்தது முத்திரையா, விளம்பரத் தடையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. என் மனு அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

கடை அமைப்பும் சும்மா இல்லை. பில் போடும் இடத்தில் மிட்டாய் வைப்பது குழந்தையின் கண் மட்டத்துக்கு. வரிசையில் நிற்கும் அந்த ஐந்து நிமிடத்தில் பெற்றோர் தோற்றுவிடுகிறார்கள். இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல் பெரிய கடைகளின் நுழைவாயிலிலும் பில் கவுண்டர் அருகிலும் இத்தகைய பொருட்களை வைக்கத் தடை இருக்கிறது.

எனவே சில கடைகளில் முத்திரை மட்டும், சிலவற்றில் இடமாற்றம் மட்டும், சிலவற்றில் இரண்டும், சிலவற்றில் எதுவுமின்றி வைத்து, பில் விவரங்களைக் கொண்டு ஒப்பிட ஆணையிட வேண்டுகிறேன். "முத்திரை பார்த்தால் வாங்குவீர்களா" என்று கேட்டு எடுக்கும் கணக்கு உதவாது. வாயால் எல்லோரும் நல்லதையே வாங்குவோம். உணவின் நல்லது கெட்டதை ஒன்றாகக் கூட்டிக் கழித்துப் பாக்கெட்டில் நட்சத்திரம் போடும் மதிப்பீட்டையும் சேர்த்துச் சோதிக்கலாம். கொஞ்சம் நார்ச்சத்து சேர்த்தால் சர்க்கரையின் குற்றம் மறைந்துவிடும் என்பது என் சந்தேகம். செலவு அரசுடையதாகவே இருக்கட்டும், உணவு நிறுவனங்களின் பணம் வேண்டாம். முடிவு எதுவானாலும் முழுமையாக வெளியிடவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நுகர்வோர் ஒருவர்