மயிலுக்கு விஷம் வேண்டாம், வலை போதும்

ஆசிரியருக்கு வணக்கம். மயில்களால் பயிர்ச்சேதம் பெருகிவிட்டதாக விவசாயிகள் முறையிட்ட செய்தியை வாசித்தேன். சேதம் உண்மை. ஆனால் குற்றம் மயிலுடையது மட்டுமல்ல. கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி நின்ற கிளுவைச் செடி வேலியை அழித்துக் கம்பி வேலி போட்டோம். அந்தப் புதர்களில் பதுங்கி, தரையில் கிடக்கும் மயில் முட்டைகளைத் தின்றுவந்த குள்ளநரியும் போய்விட்டது.

எங்கள் பொடக்காளியில் (புழக்கடையை நாங்கள் இப்படித்தான் சொல்வோம்) தக்காளி நாற்று நட்ட மறுநாள் காலையே நான்கு மயில்கள் குருத்தைக் கொத்திவிட்டன. பழைய கொசுவலையை மூங்கில் குச்சிகளில் கட்டி நாற்றுகளை மட்டும் மூடினேன். இப்போது அவை முருங்கை மரத்தடியில் கறையானைக் கிளறித் தின்று, மாட்டுத்தொட்டியில் தண்ணீர் குடித்துவிட்டுப் போகின்றன. அவரைப் பூவில் கொஞ்சம் போகிறது, போகட்டும். ஏக்கர்கணக்கில் மக்காச்சோளம் போட்டவருக்கு இந்தக் கொசுவலை வைத்தியம் கட்டுப்படியாகாது என்பதும் தெரியும். அதற்காக விஷம் வைப்பது 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வேளாண்மைத் துறை மானிய விலையில் வலையும், வேலியோரம் நடக் கிளுவைப் போத்துகளும் வழங்கலாம். சேதத்துக்கான இழப்பீட்டை அடுத்த விதைப்புக்கு முன்பே கொடுக்கவும் அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஒரு வாசகர், காங்கேயம்