வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். நம்மூர்க் கூத்து வகையான வடமோடி ஆட்டத்தை வைத்து ஆறு பிள்ளைகளுக்குப் புதிதாக ஒரு நடனம் அமைக்கப் போகிறாய் என்று வாசித்ததும் பெரிய சந்தோஷம்.

இசையை முதலே தெரிவுசெய்துவிட்டாயாம். அதைக் கொஞ்ச நாளைக்கு மூடி வை. பாட்டு ஓடினால் பிள்ளைகள் தாளத்தை நிரப்பத்தான் பார்ப்பார்கள். அமெரிக்க நடன அமைப்பாளர் மேர்ஸ் கன்னிங்ஹாம் நடனத்தையும் இசையையும் தனித்தனியே செய்து மேடையில்தான் சேர்த்தார். நாங்கள் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. மத்தளம் போனால் வடமோடியின் உயிரே போய்விடும். தாளக்கட்டை வாயால் சொல்லிப் பழக்கு, அசைவு உடம்பில் ஊறிய பிறகு மத்தளத்தைக் கூப்பிடு.

முதலில் 32 எண்ணிக்கைக்கு ஒரேயொரு அசைவுத் தொடர் போதும். நிமிடத்துக்கு 96 என்ற கதியில் அது 20 செக்கன். பிறகு புதிய அடி தேடாமல் அதையே மாற்று: பாதி வேகத்தில், நிலத்தில் கிடந்து, பின்னோக்கி, கைகளே இல்லாமல். கையை எடுத்துவிட்டால் பாரம் எந்தக் காலில் நிற்கிறது என்பது பளிச்சென்று தெரியும். தடுமாற்றமும் அங்கேதான் பிடிபடும்.

ஒருவர் பின் ஒருவராகத் தொடங்கும் இடத்தில் கணக்கைத் தாளில் போட்டுப் பார். நாலு எண்ணிக்கை தள்ளித் தள்ளித் தொடங்கினால் ஆறாவது பிள்ளை முடிப்பது 52இல். முதலாவது பிள்ளை 32இலேயே முடித்துவிடுவாள். மிச்ச 20க்கும் அவளுக்கு வேலை கொடுக்காவிட்டால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள், சபையின் கண்ணும் அவளிடமே போகும். மெல்ல நிலத்துக்கு இறங்கச் சொல்லலாம், அல்லது அசையாமல் நிற்பதையே பழக்கலாம். நிற்பதற்கும் பயிற்சி வேண்டும்.

உண்மையான சிக்கல் திசைதான். கூத்து ஆடும் வட்டமான களம்தான் வட்டக்களரி; அதற்கு முன்பக்கம் என்று ஒன்று கிடையாது. நாலு பக்கமும் சனம். அந்த ஆட்டத்தை அப்படியே, சபை ஒரு பக்கம் மட்டும் இருக்கும் படச்சட்ட மேடையில் வைத்தால் வட்டத்தில் பாதிப்பேர் முதுகைத்தான் காட்டுவார்கள். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன் கூத்தை மேடைக்குச் சுருக்கியபோதும் இதற்கு விடை தேட வேண்டியிருந்தது. எல்லோரையும் சபைப்பக்கம் திருப்பிவிடுவது லேசான வழி. ஆனால் சுற்றி வரும் வேகம் செத்துவிடும், வரிசையாக நின்று செய்யும் உடற்பயிற்சி போலாகிவிடும். வட்டத்தை விடாதே, நசுக்கு: மேடையின் பின் இடது மூலையிலிருந்து முன் வலது மூலைக்கு நீண்ட முட்டை வடிவமாக்கு. முதுகு தெரியும் பகுதியில் நெஞ்சுக்கு முன்னால் பிடிக்கும் கை வீண்; பின்வரிசைக்குத் தெரியாது. அங்கே தோளும் முழங்கையும் பேசட்டும், கை உடம்பை விட்டு விலகி நிற்கட்டும். தனி ஆட்டக்காரியை நட்ட நடுவில் வைக்காதே. ஓரத்தில் வைத்துப் பார், மற்ற ஐந்து பேரின் ஓட்டம் அவளை இழுப்பது தெரியும்.

உங்கள் மண்டபம் சீமெந்துத் தரைதானே? பாய்ச்சலைக் குறைத்துவிடு. முன்பாதம் பட்டு, குதி இறங்கி, முழங்கால் மடிய வேண்டும். களைத்த பிள்ளை முழங்காலை விறைப்பாக வைத்துத்தான் இறங்குவாள், கணுக்காலுக்கு மேலே நோவு தொடங்கிவிடும். பாய்ச்சல்களை ஒத்திகையின் கடைசிக்கு வைக்காதே.

வீடியோ எடுத்து அனுப்பு. கடைசி வரிசையிலிருந்து, கமராவை அசைக்காமல், ஆறு பேரின் பாதமும் தெரிகிற மாதிரி எடு.

அன்புடன்,
உன் மச்சான்