கூட வந்த பிள்ளைகளுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்

குமரி மாவட்டத்தில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்குக் கூட்டம் நடத்தும் அலுவலர்களுக்கும் சிறப்புப் பள்ளிப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் நாகர்கோவிலில் நடந்த கூட்டத்தில் பெற்றோரை மட்டும் உள்ளே அனுமதித்தது ஏன் என்பது உங்களுக்கே தெரியும். இட நெருக்கடியை நான் குறை சொல்லவில்லை. 34 வயதுத் தம்பிக்காக, மூட்டுவலியால் வர இயலாத அம்மாவுக்குப் பதிலாக வந்த என்னையும் வராந்தாவில் இருக்கச் சொன்னார்கள். பதிவேட்டில் என் பெயருக்கு நேரே 'கூட வந்தவர்' என்று எழுதினார்கள். முப்பது ஆண்டுகளாகக் கூடவேதான் வந்துகொண்டிருக்கிறேன் என்பதால் அதில் பிழை சொல்வதற்கில்லை.

அந்த வராந்தாவில் ஏழாம் வகுப்பு படிக்கும் சிறுமி ஒருத்தி, தன்னைவிட ஒரு முழம் உயரமான அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தகரக் கூரையில் மழை விழத் தொடங்கியதும் அவன் காதுகளைப் பொத்திக்கொண்டு தூணில் தலையை முட்டப் போனபோது, அவள் சத்தம் போடவுமில்லை, யாரையும் கூப்பிடவுமில்லை. தூணுக்கும் அவன் நெற்றிக்கும் நடுவே தன் உள்ளங்கையை வைத்தாள். பழகிப்போன கை அது. மறுகையில் மறுநாள் தேர்வுக்கான அறிவியல் புத்தகம் நனையாமல் இருந்தது. இரண்டு மணி நேரம் இப்படியே போனது. உள்ளே ஒலிபெருக்கியில் குடும்பத்தினரின் பங்கு பற்றி உரை நடந்துகொண்டிருந்தது.

கூட்டம் முடிந்து வந்த பெரியவர் ஒருவர் அவள் தலையைத் தடவி, "மக்களே, அம்மா அப்பாவுக்குப் பிறகு அண்ணனுக்கு நீதான் எல்லாம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஒன்பது வயதில் நானும் அதையே கேட்டேன். அதன்பின் பல இரவுகள், அம்மாவுக்கு மூச்சு வருகிறதா என்று கவனித்தபடி விழித்துக் கிடந்தேன். அந்தச் சொல்லை யாரிடமாவது இறக்கிவைக்கலாம் என்று அன்று எனக்குத் தெரியாது.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான்: மாதத்தில் ஒரு விடுமுறை நாளில் அரை நாள், உடன்பிறந்தோருக்கென்று தனியாக ஒரு கூடுகை நடத்துங்கள். அமெரிக்காவில் இப்படி உடன்பிறந்தோருக்காகவே டான் மேயர் 1982இல் தொடங்கிய 'சிப்ஷாப்' கூடுகைகளிலும் விளையாட்டு, சாப்பாடு, நடுநடுவே பேச்சு என்றுதான் பொழுது போகிறது. ஊர்க் கோயில் கொடை விழாவுக்கு வெடி போடும் இரவில் சன்னல்களை அடைத்துத் தம்பியோடு வீட்டுக்குள் இருக்கும் ஒரு பிள்ளை, அப்படியே இருக்கும் இன்னொரு பிள்ளையைச் சந்தித்து, எனக்குக் கோபம் வருகிறது என்று ஒருமுறை வாய்விட்டுச் சொன்னால் போதும்.

1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, இத்தகைய குறைபாடு உள்ள, 18 வயது கடந்தவருக்குப் பாதுகாவலரை நியமிக்கக் கோரி உறவினரும் உள்ளூர் நிலைக் குழுவுக்கு விண்ணப்பிக்கலாம். கையெழுத்து வேண்டிய அன்றைக்கு மட்டும் எங்கள் முகவரி எல்லோருக்கும் எப்படியோ கிடைத்துவிடுகிறது. உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளான ஏப்ரல் 2 அன்று நீல பலூன் பிடித்து நிற்கவும் எங்களுக்கு அழைப்பு வராமல் இருப்பதில்லை. உலக மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3, கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்காக இங்கே உள்ளூர் விடுமுறையாகவும் அமைவதால், பள்ளிப் பிள்ளைகள் அன்று மேடையில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் நிற்கவும் வசதியாகத்தான் இருக்கிறது.

கசப்பாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் ஆட்கள் குறைவு என்பதையும், இருப்பவர்கள் ஓய்வின்றி உழைக்கிறார்கள் என்பதையும் நேரில் கண்டிருக்கிறேன். அடுத்த கூட்டத்தின் அழைப்பிதழில் 'உடன்பிறந்தோருக்குத் தனி அமர்வு உண்டு' என்ற ஒரு வரியைச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த அரை நாள் வராந்தாவில் அண்ணன் தம்பிமாரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால், நான் வருகிறேன். என் தம்பியையும் அழைத்துக்கொண்டுதான் வருவேன். அதற்கு மட்டும் அனுமதி தேவை.

இப்படிக்கு,
கூட வந்தவர்களில் ஒருத்தி,
தக்கலை.